திருப்பி மாட்டிய விசிறி

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டைச் சாவகாசமாக ஊருக்குள் இறக்கிவிடும். மற்ற ஊர்களில் சூரியன் மறைந்தால் வெயில் முடிந்தது என்பார்கள், வேலூரில் அப்போதுதான் இரண்டாவது ஆட்டம் தொடங்கும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு பக்கம் மெயின் ரோடும் மறுபக்கம் மொட்டைச் சுவருமாக முட்டிக்கொண்டு நிற்கும் சல்லடைக்காரத் தெருவில், கத்திரி பிறந்த வாரத்தில் ஒரு நாள் உச்சி வேளையில் வெயில் இல்லாமல் போனது. வெளிச்சம் இருந்தது, நிழல் விழுந்தது, சூரியனும் தலைக்கு மேலேயே நின்றது. சூடு மட்டும் இல்லை. கஜேந்திரன் தன் கம்ப்யூட்டரில் ஒரு விசிறியைத் திருப்பி மாட்டியதுதான் காரணம் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக ஏன் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை என்றுதான் பக்கத்து வீட்டு ருக்குமணி கேட்டாள்.

கஜேந்திரன் கல்யாண ஆல்பம் தயார் செய்கிறவன். மாப்பிள்ளையை மேகத்தின் மேல் நிற்கவைப்பது, பெண்ணின் கன்னத்துப் பருவை அழிப்பது, கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து ஒட்டுவது, இதெல்லாம் அவன் தொழில். அதற்கென்று வாங்கிய பெரிய கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் ஒரு விளையாட்டு விளையாடுவது அவன் பழக்கம். பனி மலையொன்றில் ஒரு ஆள் கையில் கோடரியோடு ஏறிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான் விளையாட்டு. மலைக்கு உச்சி உண்டா என்று கேட்டால் கஜேந்திரனுக்கே தெரியாது. மனைவி அம்சவேணி தலைப்பிரசவத்துக்காகக் குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது பஸ் படியில் நின்றுகொண்டு, "வலி எடுத்துச்சின்னு போன் வந்தா அந்த மலைய அங்கியே போட்டுட்டு ஓடியாரணும் மாமா, கொழந்தைய மொதல்ல நீதான் தூக்கணும்" என்றாள். நடத்துநர் விசில் கொடுத்த பிறகும் படியிலிருந்து நகராமல், அவன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யும்வரை நின்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

கோடை வந்ததும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. மலையில் கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் பெட்டி தொட முடியாதபடி கொதிக்கும், உள்ளே விசிறிகள் மிக்ஸி ஓடுகிற சத்தத்தில் அலறும், மலையேறுகிறவன் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போதே உறைந்து நிற்பான், கடைசியில் திரை கறுத்து எல்லாம் அணைந்துபோகும். கஜேந்திரன் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினான், டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்தான், பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினான், பிராசஸர் மேல் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை தடவினான், விசிறிகள் இரண்டையும் கழற்றித் துடைத்தான். முன்விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்விசிறி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அவன் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அம்சவேணி போன் செய்து, குழந்தைக்குத் துணி வாங்கினால் என்ன நிறம் வாங்குவது என்று பேச ஆரம்பிக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மாட்டியதில் பின்விசிறி திரும்பிக்கொண்டது. இரண்டு விசிறிகளும் உள்ளேயே இழுத்தன, வெளியே தள்ள எதுவும் இல்லை. அவன் அதைக் கவனிக்காமல் மலையேற உட்கார்ந்தான்.

முதலில் பெட்டி குளிர்ந்தது. பிறகு அறை குளிர்ந்தது. பிறகு அந்தக் குளிர்ச்சி ஜன்னல் வழியாக இறங்கி, ருக்குமணி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்த மாதிரி பரவி, தெருவின் முட்டுச் சுவர்வரை போய் நின்றது. விசிறிச் சத்தத்துக்காகச் சண்டை போட வந்த ருக்குமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா தம்பி பண்ண?"

"வெளையாடிகினு இருக்கேன்க்கா."

"எப்பப் பாரு வெளையாட்டு" என்று வழக்கம்போல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "செரி, வெளையாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கணவன் ஏகாம்பரம் வாதத்தில் விழுந்து பல வருஷமாகப் படுத்த படுக்கை. கோடை வந்தால் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்து, திரும்பிப் படுக்கவும் முடியாமல் முனகிக்கொண்டே கிடக்கிற மனுஷன். அன்றைக்கு மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினான். அந்தக் குறட்டையைக் கேட்டு ருக்குமணி அழுதாள்.

மறுநாளே தெருச் சங்கத் தலைவர் தணிகாசலம் வந்துவிட்டார். அரிசி மண்டி வைத்திருக்கிறவர், எதையும் கையில் அள்ளிப் பார்த்துத்தான் நம்புவார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், விசிறியைப் பார்த்தார், கொஞ்சம் நகருப்பா என்று கஜேந்திரனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து மவுஸில் கை வைத்தார். பெட்டி உர்ரென்றது, பின்பக்கத்திலிருந்து அனல் ஒரு வீச்சு வீசியது, தலைவரின் மீசை ஒரு ஓரத்தில் கருகியது. வேறு சிலரும் கை வைத்துப் பார்த்தார்கள், எல்லோருக்கும் அதே கதிதான். கஜேந்திரன் கை பட்டால் மட்டும் பெட்டி அடங்கிச் சூட்டை உள்ளே இழுத்தது. ஆடக்கூட வேண்டியதில்லை, கை மவுஸின் மேல் இருந்தால் போதும். மலையேறுகிறவன் கூடாரம் போட்டு உட்கார்ந்துகொள்வான், தெரு குளிர்ந்துகொண்டிருக்கும். விசிறியைச் சரியாகத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டதற்கு, இதுவரை இழுத்ததெல்லாம் எங்கே போகும் என்று யோசித்துப் பார் என்றார் தலைவர். அதற்குப் பிறகு விசிறியை யாரும் தொடவில்லை.

தெரு மாறியது. மோர்ப் பந்தலைப் பிரித்துக் கட்டிவைத்தார்கள். ஐஸ் வண்டிக்காரன் இரண்டு மூன்று நாள் மணியடித்துப் பார்த்துவிட்டு அடுத்த தெருவோடு திரும்பிப் போனான். வடகம் காயவில்லை என்று பெண்கள் தட்டு தட்டாக எடுத்துக்கொண்டு வேறு தெரு மொட்டை மாடிகளைத் தேடிப் போனார்கள். இத்தனை குளிரில் வடகம் எப்படிக் காயும் என்று அங்கே போய் அலுத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. வராத உறவுக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் போகவில்லை. மாமியாரோடு பேச்சு வார்த்தை இல்லாத மருமகன்கூட பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, அத்தே நல்லா இருக்கீங்களா என்றான். சிலர் பரணிலிருந்து கம்பளி எடுத்தார்கள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் கஜேந்திரன் பொழுது சாய்ந்ததும் நிறுத்திவிடுவான். நிறுத்தியதும் சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி வெளியே வரும், தெருக்காரர்கள் அதற்குள் மெயின் ரோட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவார்கள். ஆனால் வந்தது கொஞ்சம்தான், மீதி உள்ளேயே தங்கிக்கொண்டது. நாளாக ஆக, நிறுத்தும்போதெல்லாம் பெட்டி விடும் மூச்சு கனத்துக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் ஜன்னல் திரை பொசுங்கியது. அதிலிருந்து அவன் நிறுத்துவதை விட்டான். கம்பியில்லாத மவுஸ் ஒன்றைச் சங்கமே வாங்கிக் கொடுத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிட்டான், பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போனான், தூங்கும்போது கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டான். வீட்டுக்குள் எங்கே போனாலும் மவுஸ் பெட்டியோடு பேசியது. வாசற்படிவரைக்கும் பேசியது. வாசற்படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை.

அது தெரிந்தது ஒரு காலை வேளையில். மாமனார் போன் செய்தார். "பொண்ணு பொறந்துகீது மாப்ள, மகாலட்சுமியாட்டம் கீது" என்றார். கஜேந்திரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டு, கையில் மவுஸோடு, வாசற்படியைத் தாண்டித் தெருவில் குதித்து ருக்குமணி வீட்டை நோக்கி ஓடினான். பின்னால் அவன் வீட்டு ஜன்னல் ஒரு பெருமூச்சு விட்டது. ருக்குமணி கொடியில் போட்டிருந்த புடவை கொடியிலேயே பழுப்பேறிப் பொடிந்து உதிர்ந்தது. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் ஓடி ஒதுங்கிக்கொண்டார்கள். ஜன்னலோரம் கட்டிலில் கிடந்த ஏகாம்பரத்தால் ஒதுங்க முடியவில்லை. வருஷக்கணக்காகப் பேச்சு வராத மனுஷன் அன்றைக்குக் கத்தினான். கஜேந்திரன் திரும்ப ஓடி மவுஸை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஏகாம்பரத்தின் தோளும் கையும் கொப்பளித்துவிட்டன.

ருக்குமணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கணவனை வாழை இலையில் கிடத்தி மருந்து போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வந்து, "நீ இன்னா வேணும்னா பண்ண, சந்தோசத்துல ஓடியாந்துட்ட. பொண்ணா? நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஜேந்திரன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். குழந்தை பிறந்த சந்தோஷத்துக்கு அழுகிறானா, ஏகாம்பரத்துக்காக அழுகிறானா, இனிமேல் இந்த வாசற்படியைத் தாண்ட முடியாது என்பதற்காக அழுகிறானா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதிலிருந்து தெரு அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டது. காலையில் ஒரு வீட்டு நாஷ்டா, மத்தியானம் ஒரு வீட்டுக் குழம்பு, அவனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதுகூடத் தெருவுக்கு மனப்பாடம். முடிவெட்டுகிறவர் வீட்டுக்கே வந்தார். கரண்டு போனால் பெட்டி நின்றுவிடக் கூடாது என்று ஜெனரேட்டர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மவுஸுக்குப் பேட்டரி வாங்கிவர ஒரு முறை, கதவருகில் துணைக்கு உட்கார ஒரு முறை என்று ஆண்கள் வீடு வீடாகப் பிரித்துக்கொண்டார்கள், துணைக்குத்தான் என்றார்கள். ஈசுவரன் கோயிலில் கத்திரி நாட்களில் லிங்கத்துக்கு மேலே ஓட்டைச் செம்பு கட்டித் தண்ணீர் சொட்டவிடுகிற வழக்கம் உண்டு. அப்படி ஒரு செம்பைப் பெட்டிக்கு மேலேயும் கட்டியாக வேண்டும் என்று பெண்கள் கொண்டுவந்தபோது, கஜேந்திரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். தண்ணீர் பட்டால் செத்துப்போகும்க்கா என்றான். சரி, பெட்டிக்கு வேண்டாம் என்று செம்பை அவன் தலைக்கு நேரே கட்டினார்கள். பெட்டிக்குப் பசை காய்ந்துவிடக் கூடாதே என்று வெளிப்பக்கம் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள். உச்சந்தலையில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழ விழ அவன் மலையேறிக்கொண்டிருந்தான், வருகிறவர்கள் பெட்டியையும் அவனையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அம்சவேணி தினமும் போன் செய்தாள். முதலில் குழந்தை முகத்தைக் காட்டினாள், காதைக் காட்டினாள், கால் விரலைக் காட்டினாள். போகப் போகக் காட்டுவது குறைந்தது.

"பேர் வெக்கிற அன்னிக்காவது வருவியா மாமா?"

"வரேன்டி."

"இந்த வரேனை நான் எத்தினி வாட்டி கேட்டுட்டேன்?"

"ஏகாம்பரண்ணன் கை இன்னும் ஆறல, அம்சா. நான் எந்திரிச்சா..."

"தெருவுல கீற எல்லாருக்கும் நீ வேணும். எங்களுக்கு மட்டும் வேணாமா?" என்றாள். பெயர் வைக்கிற அன்று, போனை அவர்கள் குழந்தையின் காதில் வைக்க, அவன் இங்கிருந்து மூன்று முறை 'யாழினி' என்று கூப்பிட்டான். மறுபக்கம் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டது, பிறகு போன் வைக்கப்பட்டது.

அவன் தலைவரிடம் கேட்காமல் இல்லை. எல்லோரும் ஒரு நாள் மெயின் ரோட்டுப் பக்கம் போய் இருங்கள், உள்ளே இருப்பதை மொத்தமாக விட்டுவிடுகிறேன், அதோடு முடிந்தது என்றான். "இந்தக் காயற வெயில்ல பச்ச ஒடம்புக்காரங்கள, படுத்துக்கினு கீறவங்கள எங்கப்பா கொண்டுபோய் நிறுத்தறது? கத்திரி முடியட்டும்" என்றார் தணிகாசலம். கத்திரி முடிந்தது. "மழை ஒண்ணு வரட்டும்" என்றார். மழையும் வந்தது, ஊரெல்லாம் மண்வாசனை கிளம்பியது, எதிர்த்த தெருவில் பிள்ளைகள் நனைந்தார்கள். "ஆடி போவட்டும்பா, உன்னை இன்னா நாங்க பட்டினியா போட்டோம்?" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, சொல்லும்போதெல்லாம் அவர் அதை நம்பித்தான் சொன்னார். கஜேந்திரனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் அம்சவேணியே கிளம்பி வந்தாள். ஒரு நாள் மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கி, வியர்வையில் தொப்பலாக நனைந்த ரவிக்கையோடு, குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் கால் வைத்தவள், குளிர் முகத்தில் பட்டதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவே வாசலுக்கு வந்தது. ஆரத்தி எடுத்தார்கள், திருஷ்டி கழித்தார்கள், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். வரும்போது வாய் நிறையச் சண்டை வைத்துக்கொண்டு வந்தவள், தலையில் தண்ணீர் சொட்ட, வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்ததும் குழந்தையை அவன் இடது கையில் வைத்தாள்.

மகளை அவன் முதல்முதலாகத் தூக்கியது அப்படித்தான், ஒற்றைக் கையால். தலை நிற்காத குழந்தை, கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. அவன் பதறிப்போய் வலது கையையும் கொண்டுவந்து தாங்கினான். தாங்கிய பிறகுதான் மவுஸை விட்டுவிட்டது உறைத்தது. அனல் வருமென்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், மேசைமேல் கிடந்த மவுஸின்மீது குழந்தையின் கை விழுந்திருந்தது. பெட்டி இத்தனை நாள் இல்லாத அமைதியில், சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. திரையில் மலையேறுகிறவன் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து, யாரும் ஆட்டாமலேயே மேலே ஏற ஆரம்பித்தான். அம்சவேணி அதைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் நின்றிருந்த தணிகாசலமும் பார்த்தார், அவர் சிரிக்கவில்லை.

"பாவம்பா நீ, எத்தினி நாளாச்சி. எந்திரி, காலை நீட்டிக்கோ, ரெண்டு கையாலயும் சாப்புடு" என்றார் அவர். குரலில் அத்தனை பரிவு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எந்த வீட்டிலிருந்தோ தொட்டில் வந்தது, பெட்டிக்குப் பக்கத்திலேயே உத்தரத்தில் கட்டினார்கள். குழந்தையைப் போட்டு, கையருகில் கிலுகிலுப்பை வைப்பதுபோல மவுஸை வைத்தார்கள். அம்சவேணி எத்தனை நாள் சரியாகத் தூங்காமல் இருந்தாளோ, அந்தக் குளிரில் பாயில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

கஜேந்திரன் இரண்டு கையாலும் அப்பளத்தை நொறுக்கிச் சாப்பிட்டான். எழுந்து நின்றான். வாசற்படியில் ஒரு காலை வைத்தான், மறு காலை எடுத்து வெளியே வைத்தான், ஒன்றும் ஆகவில்லை. தெருவில் நடந்தான். எதிரில் வந்தவர்கள் புன்னகை செய்துவிட்டுப் போனார்கள். மெயின் ரோட்டில் வெயில் அவன் மண்டையில் நச்சென்று அடித்தது; அவனுக்கு அது அத்தனை பிடித்திருந்தது. நெற்றியில் பூத்த வியர்வை கன்னத்தில் இறங்கி வாய்க்குள் உப்புக் கரித்தபோது தனக்குத்தானே சிரித்தான். ஓரமாக இருந்த டீக்கடைக்குப் போய், நல்ல சூடாக ஒரு டீ போடச் சொன்னான்.

டீக்கடைக்காரர் அவனை அதிசயமாகப் பார்த்தார். "தெருவை வுட்டு வெளிய வந்துட்ட? அப்போ அங்க யார் புடிச்சிகினு கீறாங்க?"

"எம் பொண்ணு" என்றான் கஜேந்திரன் பெருமையாக.

சொன்ன பிறகு அது அவன் காதில் விழுந்தது. இத்தனை நாள் அவன் ஜன்னலில் தலையை நீட்டினாலே எங்கேப்பா, என்னப்பா என்று கேட்ட தெரு, இன்றைக்கு முழுத் தெருவையும் நடந்து கடந்தும் எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கமாட்டார்கள். அவன் எங்கே போனாலும், எத்தனை நாள் போனாலும் இனி யாருக்கும் கவலை இல்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மவுஸ் நழுவிவிடக் கூடாது என்று அதன் கையோடு சேர்த்து மஞ்சள் நூலால், வலிக்காமல், தளர்வாகக் கட்டியிருந்தார்கள். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தொந்தரவும் இல்லப்பா பாப்பாவுக்கு. குளுகுளுன்னு தூங்குது. நீ இனிமே தாராளமா வேலையைப் பாரு."

"எத்தினி நாளைக்கு தலைவரே?"

"இந்த வெயில் காலம் போவட்டுமே" என்றார் அவர்.

கஜேந்திரன் தொட்டிலுக்குள் கைவிட்டு மவுஸைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டு, மறு கையால் நூலை அவிழ்த்தான். அம்சவேணியை எழுப்பினான். குழந்தையை அவள் தோளில் போட்டு, "மெயின் ரோட்டுல போய் நில்லு, எது வந்தாலும் திரும்பி வராத" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு போனாள். பிறகு அவன் தலைவரிடம் சொன்னான்: "வூடு வூடா சொல்லிடுங்க. ஏகாம்பரண்ணன மொதல்ல தூக்குங்க. கடைசி ஆள் வெளிய போற வரைக்கும் புடிச்சிகினு இருப்பேன், அப்பறம் விட்ருவேன்."

"டேய், நாங்க உனக்கு இன்னாடா கொறை வெச்சோம்?" என்றார் தலைவர்.

"ஒரு கொறையும் வெக்கல தலைவரே."

செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? ஜன்னலெல்லாம் முகங்கள். கெஞ்சினார்கள், காசு பணம் வேண்டுமா என்றார்கள், நன்றி கெட்டவன் என்றார்கள். வந்து தங்கியிருந்த மருமகன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவேன் என்று குதித்தான். வந்தால் மவுஸைப் போட்டுவிடுவேன் என்றதும் அடங்கினான். யாரும் நகரவில்லை. நகராவிட்டால் இவனால் மவுஸை விட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும், அது இவனுக்கும் தெரியும். அப்போதுதான் ருக்குமணி வந்தாள். ஜன்னல் வழியாக அந்த வெறும் தொட்டிலைப் பார்த்தாள், கீழே கிடந்த மஞ்சள் நூலைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, கம்பளியோடு நின்றிருந்த ஆண்களிடம், "இன்னா நின்னுகினு கீறீங்க? எங்க வூட்டுக்காரர் கட்டில ஆளுக்கு ஒரு கால் புடிங்க" என்றாள். ஏகாம்பரத்தின் கட்டில் முதலில் போனது. அதற்குப் பிறகு மற்றவர்களால் நிற்க முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே, சபித்துக்கொண்டே, கைக்குழந்தைகளையும் பாத்திரம் பண்டங்களையும் மீன் தொட்டியையும் தூக்கிக்கொண்டு தெரு காலியானது. ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தணிகாசலம் போனார். போகும்போது இவன் பக்கம் திரும்பவில்லை.

ஆளில்லாத தெருவில் பெட்டி முனகும் சத்தம் மட்டும் கேட்டது. கஜேந்திரன் வாசற்படியில் நின்றான். அவனுக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லாததால் வாய்விட்டே அம்மா என்றான். மவுஸை வீட்டுக்குள் வீசிவிட்டு ஓடினான். பின்னால் அந்தக் கோடை முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து வந்தது. வேப்பமரம் இலையெல்லாம் ஒன்றாகக் கொட்டியது, தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொண்டது, செருப்பை விட்டுவிட்டு ஓடினான், சட்டையின் முதுகு பொசுங்கியது, தெரு முனையைத் தாண்டிக் கூட்டத்தின் காலடியில் போய் விழுந்தான். தலைகளுக்கு மேலே அனல் கடந்து, மலைப்பக்கம் போய், பாறைகளோடு சேர்ந்துகொண்டது.

பிறகு வழக்கமான வெயில் இருந்தது. சல்லடைக்காரத் தெருக்காரர்கள் அதில் நின்றார்கள். பழக்கம் விட்டுப்போன வியர்வை எல்லோர் உடம்பிலும் ஓடியது. சிலர் அழுதார்கள், சிலர் அவன் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார்கள். ஏகாம்பரத்தின் கட்டிலுக்கு ருக்குமணி முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள், இந்த முறை அவன் இரண்டு கையாலும் வாங்கினான். சூடு பட்டதும் குழந்தை விழித்துக்கொண்டு, முகம் சிவந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதது. அதன் மூக்கு நுனியிலும் மேலுதட்டிலும் வியர்வை துளித்துளியாகப் பூத்தது.

தணிகாசலம் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கஜேந்திரன் குழந்தையை அணைத்துக்கொண்டான். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

"பாப்பாவுக்கு வேர்க்குது பாரு, தொடைச்சி வுடு" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவன் துடைத்தான். துடைக்கத் துடைக்க வியர்த்தது. தெரு ஆறட்டும் என்று எல்லோரும் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள்.